அஸ்னிவும் ஸ்லாவிக் கொளுத்திய வீடும்

அஸ்னிவ் தன் வாழ்நாளில் ஒரே ஒருவனைத்தான் கைநீட்டி அடித்தாள். வாயால் அடித்ததையும் சேர்த்தால் வர்தெனிஸ் பக்கத்தில் தப்பித்தவர்கள் ரொம்பக் குறைவு. அவள் ஊர் நர்ஸ். வயது அறுபது. ஊசி போட வரும்போதே திட்டிக்கொண்டுதான் படியேறுவாள். "சக்கரை இருக்குன்னு தெரிஞ்சும் ஜாம் தின்னியா? தின்னு. உன் காலை எடுக்கிற அன்னைக்கு நான் லீவு போட்டுட்டுப் போயிடுவேன்" என்பாள். பனி இடுப்பளவு கிடந்தாலும் வந்துவிடுவாள் என்பதால் ஊர் அவள் வாயைப் பொறுத்துக்கொண்டது.

அவள் பிறந்தது கெதாஷெனில். இப்போது அந்த ஊருக்குப் பெயரும் வேறு, ஆட்களும் வேறு. அவள் அப்பா ஆற்றுக்கு மேலே இரண்டடுக்குக் கல்வீடு கட்டியிருந்தார். சுற்றிலும் அஜர்பைஜான்காரர்களின் கிராமங்கள். அவர்களை அஸ்னிவின் ஆட்கள் துருக்கன் என்றுதான் சொல்வார்கள். சந்தையில் அவர்களோடு தக்காளிக்குப் பேரம் பேசிப் பேசியே அவர்கள் பாஷை அவளுக்கு வந்துவிட்டது. அந்தப் பாஷையில் அவளுக்குக் கணக்குச் சொல்ல வரும், கிண்டல் வரும். சண்டை எல்லாவற்றையும்விட நன்றாக வரும்.

தொண்ணூற்றொன்றில் வசந்த காலத்தில் அஜர்பைஜான் போலீஸையும் கூட்டிக்கொண்டு ராணுவம் வந்தது. மேலே ஹெலிகாப்டர், கீழே கவச வண்டி. வீட்டில் போட்டிருந்த செருப்போடு வெளியே வந்தவர்களுக்கு ஷூவை எடுக்க உள்ளே போக விடவில்லை. ஒரு அதிகாரி மேஜை போட்டு உட்கார்ந்து, "நானே விருப்பப்பட்டு ஊரை விட்டுப் போகிறேன்" என்று எழுதிய காகிதத்தில் ஒவ்வொரு வீட்டுக்காரனிடமும் கையெழுத்து வாங்கினான். அஸ்னிவின் அப்பா போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு சாகும்வரை அந்த மனிதர் வேறு எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. பென்ஷன் காகிதத்தில்கூட மகள்தான் போட்டாள்.

ஆறு வருஷம் எல்லைக்கு இந்தப் பக்கம், அபோவியானில் ஒரு விடுதி அறையில் கழிந்தது. அஸ்னிவ், அவள் புருஷன் செரோப், மகள் மரியெத்தா, கையெழுத்துப் போடாத அப்பா, நாலு பேருக்கும் ஒரே ஜன்னல். அப்பா அந்த ஜன்னலோரத்திலேயே செத்தார். சொந்த நாட்டுக்காரர்களே அவர்களை "ஓடி வந்தவங்க" என்று சொன்னார்கள். அப்புறம் ஒரு அதிகாரி விடுதிக்கு வந்து கூட்டம் போட்டார். போரில் ஜெயித்த கர்வச்சார் மாவட்டம் நம் கையில் இருக்கிறது, அங்கே குடியேற ஆள் வேண்டும் என்றார்.

"அது நம்ம முப்பாட்டன் மண்ணு. ஆயிரம் வருஷத்துச் சிலுவைக்கல் இன்னும் அங்க நிக்குது" என்றார்.

"நிக்கட்டும் சார். வீட்டுக்குக் கூரை இருக்கா?" என்று கேட்டாள் அஸ்னிவ்.

கூரை இல்லை. அவர்களுக்கு ஒதுக்கிய ஜ்ராவான் என்ற மலைக் கிராமத்தில் ஒரு வீட்டுக்கும் கூரை இல்லை. தொண்ணூற்றுமூன்றில் துருக்கர்கள் பனியில் ஓடிப்போன பிறகு லாரி லாரியாக ஆட்கள் வந்து தகரம், கதவு, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வந்தவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். நம் ஆட்கள்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அஸ்னிவ் மட்டும் சொல்லுவாள்.

செரோப் நாலு சுவர் உறுதியாக நின்ற ஒரு வீட்டைப் பிடித்தான். வாசலில் பெரிய அக்ரூட் மரம். இரண்டு கோடை முழுக்க அவன் மேலே உட்கார்ந்து தகரம் அடித்தான், அவள் கீழேயிருந்து ஆணி எடுத்துக் கொடுத்தாள். முதல் மழை வந்த அன்று இருவரும் வீட்டு நடுவில் நின்று, கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. "இப்பச் சொல்லு, யார் வீடு?" என்றான் செரோப். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக அந்த வீட்டில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தாள்.

பக்கத்து வீட்டுக்கு வந்தவன் ஸ்லாவிக். பூகம்பத்தில் வீடு போனவன், அவளைவிட நாலைந்து வயது இளையவன். முப்பது தேனீப் பெட்டி வைத்திருந்தான். விருந்து என்றால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு முதலில் எழுந்து நிற்பவன் அவன்தான். "நம்ம மண்ணுக்கு! இதுல ஒரு பிடி யாருக்கும் கொடுக்க மாட்டோம்!" என்று கத்துவான்.

"மண்ணு எல்லாம் உன்னுதுதான். அப்ப உன் மாட்டை ஏன்டா என் வேலியில கட்டுற?" என்பாள் அஸ்னிவ். கூட்டம் சிரிக்கும். ஸ்லாவிக்கும் சிரிப்பான். ஆனால் மாடு மறுநாளும் அங்கேயேதான் நிற்கும்.

இருபத்து மூன்று வருஷம் இப்படியே போனது. வேலிச் சண்டை, தேனீ கொட்டிய சண்டை, கோழிச் சண்டை. ஸ்லாவிக்கின் மகன் காரோ பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தது அஸ்னிவ்தான். பையனைப் பெற்றவள் சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்தாள். பையன் பசித்தால் வேலியைத் தாண்டி வந்து அஸ்னிவ் வீட்டில் லவாஷ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுவிட்டுப் போவான். இரண்டாயிரத்துப் பதினொன்றில் செரோப் மாரடைப்பில் போனான். ஊர் மேட்டில் புதைத்தார்கள். மரியெத்தா கல்யாணமாகி மறுபடி அபோவியானுக்கே போய்விட்டாள். அஸ்னிவ் தனியாக இருந்தாள். தனியாக இருக்கிறோம் என்று நினைக்க ஸ்லாவிக்கின் மாடு விடவில்லை.

இரண்டாயிரத்து இருபதில் மறுபடி போர் வந்தது. அக்டோபரில் காரோ செத்தான். பத்தொன்பது வயது. அவனைத் தலைநகர் யெரெவானில் சிப்பாய்களின் கல்லறையில் வைத்தார்கள். நவம்பரில் போர் முடிந்தது. கர்வச்சாரை அஜர்பைஜானிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும், பத்து நாள் கூட இல்லை என்று செய்தி வந்தது. பிறகு கொஞ்சம் நாள் கூட்டிக் கொடுத்தார்கள். ஆனால் அதற்குள் ஊரே புகைய ஆரம்பித்திருந்தது. வீட்டை விட்டுப் போகிறவர்கள் தாங்களே கொளுத்திவிட்டுப் போனார்கள்.

அஸ்னிவுக்கு வேறு வேலை இருந்தது. செரோப்பை அங்கே விட்டுவிட்டுப் போவதாக இல்லை. மண் அள்ளும் இயந்திரக்காரன் ஒருவனையும் இரண்டு ஆட்களையும் பிடித்து வைத்தாள். அன்று காலை எழுந்து, வழக்கம்போல் வீட்டைப் பெருக்கி, தரையைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்தாள். ஏன் துடைத்தாள் என்று பிறகு பலர் கேட்டார்கள். "அன்னைக்கு சனிக்கிழமை" என்றாள். கூரைத் தகரத்தை மறுநாள் கழற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது. கொளுத்துவதா விடுவதா என்று அவள் இன்னும் முடிவு பண்ணவில்லை.

மேட்டில் தோண்டியபோது செரோப்பின் பெட்டி மக்கிப் போயிருந்தது. கூட வந்த ஆட்களில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரமாகப் போய்விட்டான். அஸ்னிவ் தானே குழிக்குள் இறங்கினாள். கையுறை போட்டுக்கொண்டு, பெரிய எலும்பை முதலிலும் சின்ன எலும்பைப் பிறகும், எந்த உறுப்பும் விட்டுப்போகாமல் பார்த்துப் பார்த்துப் புதுப் பெட்டியில் அடுக்கினாள். பெல்ட்டின் இரும்புக் கொக்கி கிடைத்தபோது மட்டும் அதை ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தாள்.

பெட்டியோடு லாரியில் இறங்கி வந்தபோது அவள் வீட்டு ஜன்னல்களில் தீ நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்லாவிக்கின் வீடு ஏற்கெனவே உள்ளே விழுந்துவிட்டது. நடுவில், கையில் காலி பெட்ரோல் கேனோடு ஸ்லாவிக் நின்றிருந்தான்.

"யார்டா வச்சது?"

"நான்தான் அக்கா. உனக்குக் கை வராதுன்னு தெரியும். அதான் உனக்காக நானே வச்சிட்டேன்."

"காலையில தரையைத் துடைச்சிட்டுப் போனேன்டா பாவி!"

"யாருக்காகத் துடைச்ச? வரப்போற அந்தத் துருக்கனுக்கா? என் புள்ளையைக் கொன்னவன் வந்து உன் தரையில பூட்ஸோட நடக்கணுமா?"

"கொளுத்துறதா இருந்தா என் கையால கொளுத்தியிருப்பேன். விடுறதா இருந்தா விட்டிருப்பேன். அது என் வீடு. அதுல நெருப்பு வைக்க நீ யாருடா?"

அப்போதுதான் ஸ்லாவிக் அதைச் சொன்னான். "என்ன பெரிய உன் வீடு? அது துருக்கன் வீடுதானே."

லாரி டிரைவர் கூடத் தலையைத் திருப்பிப் பார்த்தான். அஸ்னிவ் அவன் கையிலிருந்த காலி கேனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இருபது வருஷமா நம்ம மண்ணு நம்ம மண்ணுன்னு கோப்பையைத் தூக்கிக் கத்தின வாய்டா அது. ஒரு பெட்ரோல் கேனுக்குள்ள துருக்கன் மண்ணாயிடுச்சா?"

அக்ரூட் மரத்தின் ஒரு பக்கம் பற்றிக்கொண்டது. அவள் லாரியில் ஏறி, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எடு வண்டியை" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்வார்கள். பார்த்தாள். கணவாய் ஏறும்வரை ஸ்லாவிக்கின் வண்டியும் தேனீப் பெட்டிகளோடு பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

வர்தெனிஸுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் காலி வீடு கிடைத்தது. அதுவும் எண்பத்தெட்டு வரைக்கும் துருக்கர் வாழ்ந்த வீடுதான். அதில் அஸ்னிவுக்கு ஆச்சரியமில்லை. வரவேற்க ஊர்க்காரர்கள் யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை. வந்தது செரோப்பின் பெட்டியைப் பற்றிய பேச்சுதான்.

"எங்க வரிசையில வைக்காதே. எங்க அப்பா அம்மா கிடக்கிற இடம்" என்றாள் கடைக்காரி க்னாரிக். "மலையைக் காப்பாத்த முடியல, பொணத்தை மட்டும் தூக்கிட்டு வந்துட்டாங்க."

"உன் அப்பன் அம்மா பக்கத்துல வைக்க என் புருஷன் என்ன பாவம் பண்ணான்? உயிரோட இருக்கும்போதே அவங்க பேச்சைக் கேக்க முடிஞ்சிருக்காது" என்றாள் அஸ்னிவ். அவளுக்கு அவர்களை முன்பின் தெரியாது. கடைக்காரியைப் பார்த்தே ஊகித்துவிட்டாள்.

ஊர்த் தலைவர் குர்கென் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். கல்லறையின் ஓரத்தில், வேலியை ஒட்டிப் புது வரிசை ஒன்று ஆரம்பித்துக் கொடுத்தார். செரோப்தான் அதில் முதல் ஆள். பழைய நர்ஸ் ஓய்வுபெற்றிருந்ததால் அஸ்னிவுக்கு வேலையும் கிடைத்தது. எல்லாம் ஒருவழியாக அடங்கும் நேரத்தில் எதிர்வீட்டுக்குத் தேனீப் பெட்டிகள் வந்து இறங்கின. ஒதுக்கியது குர்கென். "ஒரே ஊர்க்காரங்க, பேச்சுத் துணையா இருக்குமேன்னு…" என்றார்.

ஒன்றரை வருஷம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்லாவிக்குக்கு ரத்தக் கொதிப்பு. வாரம் ஒருமுறை அஸ்னிவ் போய் அளந்து பார்க்க வேண்டும். வாசலில் நிற்பாள், அவன் கையை நீட்டுவான், கட்டுவாள், அழுத்துவாள், எண்ணைச் சீட்டில் எழுதி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவாள். ஊசி என்றால் தடித்த ஊசியாகப் பார்த்து எடுப்பாள் என்று ஊரில் பேச்சு. ஸ்லாவிக் முனகக்கூட மாட்டான்.

இரண்டாவது வருஷம் ஏப்ரலில் மரியெத்தாவிடமிருந்து போனில் ஒரு வீடியோ வந்தது. "அம்மா, இது நம்ம வீடா?" என்று கேட்டிருந்தாள்.

கூரையில்லாத, கரி பூசிய சுவர். ஒரு பக்கம் கருகி மறுபக்கம் துளிர்விட்ட அக்ரூட் மரம். அதன் முன்னால் அவள் வயது மதிக்கத்தக்க ஒரு ஆள், கனத்த கோட்டும் தொப்பியும். பெயர் ஷாமார் என்று கீழே போட்டிருந்தது. அவன் சுவரைத் தடவித் தடவி அழுதான். "இது எங்க அப்பா கட்டின வீடு. இந்த மரம் எங்க தாத்தா வச்சது. இருபத்தொன்பது வருஷம் கழிச்சு வந்தா, பாருங்க என்ன பண்ணி வச்சிருக்காங்க. இதை எரிச்சவன் கை அழுகணும். அவன் குடும்பம் வேரோட போகணும். அவன் கல்லறையில கல் நிக்கக் கூடாது!"

சந்தையில் கற்ற பாஷை ஒரு சொல்லும் மறந்திருக்கவில்லை. சாபம் அத்தனையும் அட்சரசுத்தமாகப் புரிந்தது. அஸ்னிவ் நாலு தடவை பார்த்தாள். "கூரை போட்டது யாருடா, உங்க அப்பனா?" என்று போனைப் பார்த்துக் கத்தினாள். ஐந்தாவது தடவை பார்க்கப் பொறுமையில்லாமல் மருந்துப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அன்று கொதிப்பு அளக்கும் நாள். எப்படியும் போயாக வேண்டும்.

ஸ்லாவிக் முற்றத்தில் தேன்சட்டத்துக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தான். அவள் போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"பாரு. உனக்கு வந்த சாபம். உன் விலாசத்துக்கு வராம எனக்கு வந்திருக்கு. வாங்கிக்க."

ஒன்றரை வருஷத்தில் அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. அவன் பார்த்தான். "என்ன சொல்றான்?"

ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தாள். கை அழுகணும் என்றாள். குடும்பம் வேரோடு போகணும் என்றபோது ஸ்லாவிக் சட்டத்தைக் கீழே வைத்தான்.

"அது ஏற்கெனவே போயிடுச்சு" என்றான். பிறகு, "அழுவுறானா அவன்?"

"அழுவுறான்."

ஸ்லாவிக்கின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. "நல்லா அழட்டும். இன்னொரு தடவை போடு அக்கா."

மருந்துப் பெட்டி மரத்தால் ஆனது, மூலைகளில் பித்தளைப் பூண். அது அவன் புருவத்தின் மேல் இறங்கிய பிறகுதான் தான் அடித்துவிட்டோம் என்பதே அஸ்னிவுக்குத் தெரிந்தது. ரத்தம் கண்ணை மறைத்தது. ஸ்லாவிக் எழுந்திருக்கவில்லை, திருப்பி அடிக்கவும் இல்லை.

தையல் போட ஊரில் வேறு ஆள் கிடையாது. அவளே அவனை நாற்காலியில் உட்கார வைத்துக் காயத்தைக் கழுவினாள்.

"மரத்துப்போற ஊசி போடு" என்றான்.

"தீர்ந்துபோச்சு."

தீரவில்லை. பெட்டிக்குள் நாலு குப்பி இருந்தது. மூன்று தையல் போட்டாள். நேர்த்தியான தையல், தழும்புகூடத் தெரியாது. அந்த மூன்று தையலைப் பற்றி அவள் பிற்காலத்தில் யாரிடமும் பெருமையடித்ததில்லை. அவள் பெருமையடிக்காத ஒரே சண்டை அதுதான்.

குர்கென் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே துக்கம். ஒருத்தரை ஒருத்தர் அடிச்சிக்கிட்டா துருக்கன் சிரிப்பான்" என்றார்.

"ஒரே துக்கம் இல்ல" என்றாள் அஸ்னிவ். "அவன் வீட்டை எரிச்சதும் அவன். என் வீட்டை எரிச்சதும் அவன். இதுல துருக்கன் எங்க வந்தான்?"

"புகார் இருக்கா ஸ்லாவிக்?"

"இல்ல. நான்தான் பெட்டியில முட்டிக்கிட்டேன்" என்றான் ஸ்லாவிக். அந்தப் பெருந்தன்மை அஸ்னிவை இன்னும் எரிய வைத்தது. காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனாள். கடையில் க்னாரிக் சத்தமாகவே சொன்னாள்: "எவனோ கட்டின வீட்டுக்கு இவங்க ரெண்டு பேரும் மண்டையை உடைச்சிக்கிறாங்க." அஸ்னிவ் திரும்பிப் போய், "உன் கடை யார் கட்டினது? உன் வீட்டுச் சுவர்ல எந்தப் பாஷையில எழுதியிருந்ததை நீ சுண்ணாம்பு அடிச்சு மறைச்ச?" என்று கேட்டாள். ஒரு மாதம் அவளுக்குச் சர்க்கரை அளந்து கொடுக்கும்போது க்னாரிக்கின் கை கொஞ்சம் குறைந்தது.

அந்த வாரமே அஸ்னிவ் ஷாமாரின் வீடியோவுக்குக் கீழே எழுதினாள். அவர்கள் பாஷையில், ரஷ்ய எழுத்தில். "நான் வந்தபோது அந்த வீட்டுக்குக் கூரையில்லை. கூரை போட்டது என் புருஷன். எரித்தது நான் இல்லை."

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "திருட்டு வீட்டுக்குக் கூரை போட்டதுக்கு நன்றி சொல்லணுமா?"

"நாங்க ஆசைப்பட்டா வந்தோம்? எங்களைச் செருப்போட துரத்தினது உங்க ஆளுங்க."

"எங்க அம்மா அந்தக் கணவாயில பனியில உறைஞ்சு செத்தா. தொண்ணூத்திமூணு ஏப்ரல். நான் தூக்கிட்டுப் போனேன். பாதி வழியில இறக்கி வச்சேன்."

"எங்க மாமாவை அவர் வீட்டு வாசல்லயே சுட்டாங்க."

"என் தம்பி."

"எதிர்வீட்டுப் பையன். பத்தொன்பது வயசு. தொப்புள்கொடி அறுத்தது நான்."

சீட்டாட்டத்தில் சீட்டு இறக்குவது போல இருவரும் மாற்றி மாற்றித் தங்கள் பிணங்களை இறக்கினார்கள். யாரும் யாருக்கும் ஐயோ என்று சொல்லவில்லை. நடுநடுவே முன்பின் தெரியாதவர்கள் நுழைந்து இரண்டு பேரையும் அசிங்கமாகத் திட்டிவிட்டுப் போனார்கள். ஷாமார் கேட்டான்: "நீ எந்த ஊர்?"

"கெதாஷென்."

பிறகு: "என் தங்கச்சியை அங்கதான் குடியேத்தினாங்க. எனக்கு அந்த ஊர் தெரியும். உன் வீடு எது? சொல்லு, அடுத்த தடவை போகும்போது பார்க்கிறேன்."

அஸ்னிவ் எழுத ஆரம்பித்தாள். ஆற்றுக்கு மேலே, தேவாலயத்திலிருந்து மூன்றாவது சந்து, இரண்டடுக்கு, கீழ்ப்படி மட்டும் ஒரே கல்லில் செதுக்கியது, மழைக்காலத்தில் வழுக்கும், இடது பக்கம் திராட்சைக் கொடிக்கு அப்பா போட்ட… அதோடு நிறுத்தினாள். இந்த ஆள் அந்தப் படியில் நின்று வீடியோ எடுப்பான். படியில் யார் துணி காய்கிறது என்று காட்டுவான். ஒருவேளை அவன் தங்கையே அந்த வீட்டில் இருந்தால்? அவள் நல்லவளாக இருந்துவிட்டால்? அது எல்லாவற்றையும்விடப் பொறுக்க முடியாததாக இருந்தது. எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். "உனக்கு எதுக்குடா என் வீடு?" என்று மட்டும் எழுதிவிட்டு அவன் கணக்கையே பிளாக் பண்ணினாள்.

"சொல்லியிருக்கலாமேம்மா. ஒரு போட்டோவாவது கிடைச்சிருக்கும்" என்றாள் மரியெத்தா போனில்.

"போட்டோவுல எரியாம நின்னா அதுவும் கஷ்டம். எரிஞ்சு கிடந்தா அதுவும் கஷ்டம். போனை வை" என்றாள் அஸ்னிவ்.

கோடை முடியும் நேரம் அஸ்னிவின் வீடு ஒழுக ஆரம்பித்தது. அரசாங்கம் கொடுத்த வீடு, பழைய ஓட்டுப் பலகை. அவள் யாரிடமும் கேட்கவில்லை. வாளி வைத்துப் பிடித்தாள். ஒருநாள் காலை பக்கத்து ஊருக்குத் தடுப்பூசிக்குப் போய்விட்டுப் பத்து மணிக்குத் திரும்பினால், கூரை மேல் ஸ்லாவிக். பாதி பழைய பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுத் தகரத்தை ஆணியால் அடித்துக்கொண்டிருந்தான். தேன் விற்று வாங்கிய தகரம்.

அஸ்னிவ் சத்தம் போடவில்லை. சுவரில் சாய்ந்திருந்த ஏணியை எடுத்து, படுக்க வைத்து, முற்றத்தின் மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு போய்ப் போட்டாள். உள்ளே போய்ச் சூப் வைத்தாள்.

"அக்கா! ஏணி!"

"கூரையிலதானே உனக்கு ஆசை? இரு அங்கயே."

மதியத்துக்குள் பாதி ஊர் வேலியோரம் கூடிவிட்டது. குர்கென் வேறு ஏணி கொண்டுவரச் சொன்னார். அஸ்னிவ் வாசலில் வந்து நின்றாள். "எவனாவது ஏணி எடுத்துட்டு வரட்டும். நாளையிலேருந்து அவன் அம்மாவுக்கு ஊசி கடைக்காரி போடுவா." ஒருவரும் நகரவில்லை. மேலே ஸ்லாவிக் வேறு வழியில்லாமல் தகரத்தை அடித்து முடித்தான். முடித்துவிட்டு, முகட்டில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். ஏரிப் பக்கமிருந்து குளிர்காற்று கிளம்பியது. அவன் சட்டையோடு இருந்தான்.

மூன்று மணி சுமாருக்கு அவள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். பதில் சொன்னா ஏணி."

"கேளு."

"ஜ்ராவான்ல நீ கொளுத்தினது யார் வீடு?"

ஸ்லாவிக் கீழே பார்க்கவில்லை. மலையைப் பார்த்தான். அந்த மலைக்கு அப்பால்தான் எல்லாம் இருந்தது.

"சொல்லுடா. துருக்கன் வீடா?"

"உன் வீடு" என்றான்.

"காத்துல கேக்கல."

"உன் வீடு அக்கா! செரோப் அண்ணன் கூரை போட்ட வீடு! நான் கொளுத்தினது உன் வீடு!" என்று கத்தினான். "எனக்கு அன்னைக்கு எதையாவது எரிக்கணும் போல இருந்துச்சு. என் வீடு பத்தல."

வேலியோரம் நின்றவர்களில் சிலர் கலைந்து போனார்கள். அஸ்னிவ் ஏணியை இழுத்து வந்து சாய்த்தாள். அவன் இறங்கிக் கீழே கால் வைக்கும்வரை இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. சூப் வாசனை முற்றம் முழுக்க அடித்தது. அவன் சுத்தியலை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனான். மன்னித்துவிட்டாயா என்று குர்கென் மறுநாள் கேட்டதற்கு, "வடக்கு மூலையில ஒழுகுது. தேனீக்காரனுக்குத் தகரத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்றாள்.

அந்தச் செப்டம்பரில் எல்லையில் குண்டு விழுந்தது. ஊர் இரண்டு நாள் நிலவறைகளில் கிடந்தது. ஸ்லாவிக்கின் தேனீப் பெட்டிகளில் பாதி சிதறிப் போயின. அவன் மிச்சத்தை விற்றுவிட்டு, ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவனோடு ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினான். போகும்முன் அஸ்னிவின் வாசலுக்கு வந்தான். அவள் கொதிப்பு மாத்திரை மூன்று மாதத்துக்கானதைப் பொட்டலம் கட்டி நீட்டினாள். "காலையில ஒண்ணு. குடிச்சிட்டுப் போடாதே. செத்துப்போவ" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த வருஷம், மலைக்கு மேலே நம் ஆட்கள் கையில் மிச்சமிருந்த ஆர்த்ஸாக் பகுதியும் மொத்தமாகக் காலியாகி, லட்சம் பேர் ஒரு வாரத்தில் மலையிறங்கி வந்தார்கள். அஸ்னிவ் கோரிஸ் நகரத்துக்குப் போய்ப் பத்து நாள் அவர்களுக்கு மருத்துவம் பார்த்தாள். கதவைப் பூட்டிவிட்டு வந்தவர்களும், திறந்து போட்டுவிட்டு வந்தவர்களும், எரித்துவிட்டு வந்தவர்களும் அவள் முன்னால் வரிசையில் நின்றார்கள். யார் என்ன செய்தார்கள் என்று அவள் ஒருவரையும் கேட்கவில்லை. நீரிழிவு, கொதிப்பு, கால் வீக்கம் என்று மட்டும் கேட்டாள். வழக்கம்போல் திட்டினாள்.

அதற்கும் அடுத்த குளிர்காலம் ரஷ்யாவிலிருந்து செய்தி வந்தது. ஸ்லாவிக் சாரத்தின் மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். மகன் கிடக்கும் கல்லறையில் சிப்பாய்களுக்கு மட்டும்தான் இடம். அவனுக்கு வேறு யாரும் இல்லை. அண்ணன்காரன் பெட்டியை இந்த ஊருக்கே அனுப்பினான். குர்கென் தயங்கித் தயங்கி அஸ்னிவின் வீட்டுக்கு வந்தார்.

"வேலியோர வரிசையிலதான் வைக்கணும். செரோப் பக்கத்துல ஒரு இடம் இருக்கு. உனக்கு ஆட்சேபணை இருந்தா…"

"இருக்கு."

"அஸ்னிவக்கா, செத்தவன்கிட்ட என்ன பகை?"

"செத்தா பகை போயிடும்னு யார் சொன்னது? செரோப் பக்கத்து இடம் என்னுது. அதை விட்டுட்டு அதுக்கு அடுத்த குழியில வை."

குர்கென் கணக்குப் போட்டுப் பார்த்தார். "அப்ப உனக்கு இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் இவனா?"

"ஆமா. இவனை வேற யார் பக்கத்துல போட்டாலும் தாங்க மாட்டாங்க" என்றாள் அஸ்னிவ்.

அடக்கத்தன்று உறைந்த மண்ணைக் கடப்பாரையால்தான் உடைக்க முடிந்தது. அவள் குழிமேட்டில் நின்று, ஆழம் போதாது, இன்னும் ஒரு முழம் வெட்டு என்று வெட்டியவர்களைத் திட்டிக்கொண்டேயிருந்தாள். அழவில்லை. எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அவள் போடவில்லை. கல் நடும் வரைக்கும் அங்கேயே நின்று, அது ஆடாமல் நேராக நிற்கிறதா என்று கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, மாலைநேர ஊசிகளுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.